பங்காளிகளை எங்கே தேடுவது?

கேள்வி: தாத்தா காலத்தில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்தை விட்டு வந்தவர்கள் நாங்கள். குலதெய்வம் 'ஏதோ பச்சையம்மன்' என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் ஏகப்பட்ட குழுக்கள் இருக்கின்றன. எதில் சேருவது, யாரை நம்புவது?

இப்போதைக்கு எதிலும் சேராதீர்கள். வட மாவட்டங்களில் திருமுல்லைவாயிலில் இருந்து திருவண்ணாமலை வரை பச்சையம்மன் கோயில்கள் ஏராளம். பக்கத்தில் மன்னாதீஸ்வரரும், வெளியே வரிசையாக முனிகளும் இருப்பார்கள். "எங்கள் குலதெய்வம் பச்சையம்மன், யாருக்காவது தெரியுமா?" என்று பொதுக்குழுவில் போட்டால் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கோயிலைச் சொல்வார்கள். சொல்பவர் யாரும் பொய் சொல்லவில்லை, உங்கள் கேள்விதான் அகலமாக இருக்கிறது.

அதைக் குறுக்கும் வேலை வீட்டில்தான் தொடங்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தால் தலைப்பில் 'துணை' போட்டிருக்கும் சாமி பெயரைப் பாருங்கள். தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்பி வரும் பெயர்களை எழுதுங்கள். பச்சையப்பன், முனுசாமி, மன்னார், கன்னியப்பன், எல்லம்மாள் எல்லாம் சும்மா வைத்த பெயர்கள் அல்ல. அப்பாவுக்கு முதல் மொட்டை எங்கே போட்டார்கள், குடும்பம் ஆடியில் போனதா மாசியில் போனதா, கிடா வெட்டு உண்டா, உண்டென்றால் அம்மனுக்கா வெளியே நிற்கும் முனிக்கா என்று கேளுங்கள். ஆண்களிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கல்யாணமாகிப் போன அத்தைப் பாட்டிக்குப் புகுந்த வீட்டுச் சாமி வேறாகிவிட்டிருக்கும். ஆனால் சின்ன வயதில் மாட்டு வண்டியில் எந்த ஏரிக்கரையைச் சுற்றிப் போனோம் என்று சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். அவர் பேசுவதைச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய பத்திரம் இருந்தால் இன்னும் நல்லது. கிராமத்தின் பெயரும் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பெயரும் அதில் இருக்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் என்று தனியாக ஒன்று வந்தது 1997இல்தான். அதற்கு முன் எல்லாமே செங்கல்பட்டு ஜில்லா. உத்திரமேரூரே ஒரு காலத்தில் மதுராந்தகம் தாலுகாவில் எழுதப்பட்டது. 2019 நவம்பரில் மறுபடி பிரித்தபோது மதுராந்தகம் செங்கல்பட்டோடு போனது, உத்திரமேரூர் காஞ்சிபுரத்தில் தங்கியது. ஆகவே பத்திரத்தில் மதுராந்தகம் தாலுகா என்று இருப்பதால் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஜில்லா எல்லைக்கு அந்தப் பக்கம் வந்தவாசி, செய்யாறு வட்டத்துக் கிராமங்களையும் சேர்த்துத் தேடுங்கள். ஆவணத்தில்தான் அது வேறு ஜில்லா, பெண் கொடுத்து எடுத்ததில் அந்த எல்லையை யாரும் பார்த்ததில்லை.

இனி இணையத்துக்கு வரலாம். பேஸ்புக் குழுக்களைவிட யூடியூப்பில் கிடக்கும் திருவிழா வீடியோக்கள் பயன்படும். கிராமத்தின் பெயரையும் சாமியின் பெயரையும் தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக ஒருமுறை அடித்துப் பாருங்கள். கூழ் வார்த்தல், தீமிதி, பொங்கல் வைப்பு என்று எதுவானாலும் பின்னால் ஒரு பிளக்ஸ் பேனர் தொங்கும். வீடியோவை அங்கே நிறுத்துங்கள். விழாக் குழுவினர், உபயதாரர்கள், எந்த வகையறா, எந்த ஊர் எல்லாம் அதில் இருக்கும். கூகுள் மேப்பில் அந்தக் கோயிலை யாராவது குறித்து வைத்திருந்தால் படங்களையும் புரட்டுங்கள். உங்கள் வீட்டுப் பெயர்ப் பட்டியலில் உள்ள இரண்டு பெயர்கள் அங்கேயும் இருந்தால் சரியான திசையில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

குழுக்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரே கோயிலைச் சுற்றி அமைந்தது. மற்றது, சாதிப் பெயரில் தொடங்கி 'குலதெய்வ வழிபாட்டுக் குழு' என்று பின்னொட்டு சேர்த்தது. இரண்டாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே முதல் வாரம் அம்மன் படம் வரும், இரண்டாவது வாரம் வரன் ஜாதகம் வரும், தேர்தல் நெருங்கினால் கட்சிக் கொடி வரும். உங்கள் கோயில் அதில் எங்கோ தொலைந்துபோகும். ஒரே அம்மனைப் பல சாதியார் கும்பிடும் ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. சாதிக் குழுவில் தேடினால் அந்த ஊர்க்காரர்களில் பாதிப் பேர் உங்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

ஐரோப்பாவில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களை மறுபடி வணங்கத் தொடங்கியவர்களுக்கும் இப்படி ஆள் தேடும் வேலை உண்டு. ஐஸ்லாந்தில் 1972இல் அப்படி ஒரு சங்கமே தொடங்கினார்கள். பிரிட்டனில் இவர்கள் கூடுவது பெரும்பாலும் மதுக்கடையில், நாலு பேர் பார்க்கிற இடத்தில். முன்பின் தெரியாதவர்கள் என்பதால் அந்த எச்சரிக்கை. நமக்கோ 'பங்காளி' என்று ஒருவர் சொன்னதும் அந்த எச்சரிக்கை போய்விடுகிறது. ஆதார் அட்டைப் படம், பிள்ளைகளின் ஜாதகம், வீட்டு விலாசம் எல்லாம் ஒரே நாளில் குழுவுக்குப் போய்விடும். குழுவில் சேர்ந்தாலே உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும் என்பதை மறக்காதீர்கள். வாட்ஸ்அப்பின் தனியுரிமைப் பகுதியில், தொடர்பில் உள்ளவர்கள் மட்டுமே உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்று மாற்றி வையுங்கள். உங்கள் மனைவியோ மகளோ சேர்வதானால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். 'அண்ணன் முறைதாம்மா' என்று ராத்திரி பத்து மணிக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

அடுத்தது பணம். பிரசன்னம் பார்த்துக் குலதெய்வத்தைக் கண்டுபிடித்துத் தருகிறேன், முதலில் ஜிபே பண்ணுங்கள் என்பவரிடம் போகாதீர்கள். உங்கள் அத்தைப் பாட்டிக்குத் தெரிந்ததில் கால்வாசி கூட அவருக்குத் தெரியாது. கும்பாபிஷேக வசூல் என்றால் கோயில் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, ரசீது உண்டா, போன வருஷக் கணக்கைக் குழுவில் போட்டார்களா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுவார்கள், படட்டும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய ஊர்ச்சபைத் தேர்தல் விதிகள் இன்றும் இருக்கின்றன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக்கூடாது. அந்தச் சபையில் பெண்களுக்கும் பிராமணரல்லாதாருக்கும் இடமில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அட்மினிடம் கணக்குக் கேட்கத் தயங்குகிறவர்கள் ஒருமுறை அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கலாம். உங்களுக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லி உங்களையே ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் பேசுங்கள்.

படங்கள் விஷயத்திலும் கொஞ்சம் யோசியுங்கள். சாமி வந்து ஆடும் பெண்ணை வீடியோ எடுத்துப் பொதுவில் ஏற்றுவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. அவர் திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போக வேண்டியவர். கேட்காமல் ஏற்றாதீர்கள். கிடா வெட்டுக்கு இப்போது தனித் தடைச் சட்டம் இல்லை. 2003இல் அரசு பழைய தடைச் சட்டத்தை முடுக்கிவிட்டு, 2004இல் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டது. ஆனாலும் அந்தப் படத்தைப் பொதுவில் போட்டால் முகம் தெரியாதவர்களோடு சண்டை போட்டே பொழுது போய்விடும்.

இத்தனையும் செய்தாலும் செல்போனில் பெயர்களும் எண்களும்தான் கிடைக்கும், சொந்தம் கிடைக்காது. இந்தப் பகுதி இருளர்களைப் பாருங்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை என்று சிதறிக் கிடந்தவர்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து கூடுகிறார்கள். மணலில் குடில் போட்டுத் தங்கி, விடியற்காலையில் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கல்யாணப் பேச்சும் அங்கேயே நடக்கிறது. பௌர்ணமி எப்போது என்று தெரிந்தால் போதும், அட்மின் தேவையில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும்.

முதல் தடவை திருவிழா நெரிசலில் போகாதீர்கள். சாதாரண வெள்ளிக்கிழமையில் பகலில் போங்கள், வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். "நாங்கள் இந்தக் கோயில் பங்காளிகள்" என்று ஆரம்பிக்க வேண்டாம், நிலத்துக்கு வந்தவர்களோ என்று ஊரில் சந்தேகம் வரும். தேங்காய் பழத்தோடு போய் அர்ச்சனை செய்துவிட்டு, பூசாரியிடம் தாத்தாவின் தகப்பனார் பெயரைச் சொல்லி, "இந்தப் பெயரில் இங்கே யாராவது இருந்தார்களா சாமி?" என்று மட்டும் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்த கிழவரிடம் அனுப்புவார். கிளம்பும்போது பூசாரியின் எண்ணோடு அவர் மகனின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். காப்புக் கட்டும் தேதியை வாட்ஸ்அப்பில் போடுவது பெரும்பாலும் மகனாகத்தான் இருக்கும்.