தோட்டத்துக்கு வந்த முள்ளெலி

கேள்வி: இரவில் எங்கள் தோட்டத்தில் முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி ஒன்று பந்தாகச் சுருண்டது. படம் எடுக்கலாமா?
– வாசகி, பொன்மலை, திருச்சி

பதில்: அது முள்ளெலியாகத்தான் இருக்கும், முள்ளம்பன்றி பந்தாகச் சுருளாது. தென்னிந்தியாவுக்கே உரிய இந்த உயிரினத்தை 1851-இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் ஹார்ஸ்ஃபீல்டு. வண்டு, பூச்சிகளைத் தின்னும்; தோட்டத்துக்கு நல்லது.

படம் எடுங்கள், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, தரையோரம் குனிந்து அசையாமல் காத்திருங்கள். சுருண்டுவிட்டால் விலகி நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கு தானே வெளியே எட்டிப்பார்க்கும். கையில் தூக்காதீர்கள், பால் வைக்காதீர்கள். இருமலுக்கு மருந்தென்று முள்ளுக்காக இதைப் பிடிப்பவர்கள் உண்டு. இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். சருகுக் குவியலைக் கொளுத்தாமல் விட்டுவையுங்கள். விருந்தாளி மறுபடியும் வரக்கூடும்.