அரும்பழம் வளர்ப்போர் சங்கம்

பருவகாலம் வந்தால் நம் நாட்டுச் சந்தைகளில் மங்குஸ்தீன் பழங்கள் குவிந்து கிடக்கக் காண்கிறோம். ரம்புத்தானோ வேலியோரத்திலேயே பழுத்து உதிர்கிறது. ஆனால், அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாநிலத்தில் இவை காண்டற்கரிய கனிகளாகும். அங்குக் கோடை வறண்டது. குளிர்காலத்தில் சில இரவுகளில் உறைபனியும் உண்டு. மங்குஸ்தீன் மரம் அக்குளிரைத் தாங்காது. இத்தகைய பகுதியைத் துணைவெப்ப மண்டலம் என்பர்.

இங்கு 1968ஆம் ஆண்டில் பால் தாம்சன், ஜான் ரைலி என்னும் இருவர் 'கலிபோர்னியா அரும்பழம் வளர்ப்போர் சங்கம்' ஒன்றைத் தொடங்கினர். இது வணிகர் சங்கமன்று. வீட்டுக்கொல்லையில் நாலைந்து மரம் வைத்திருப்போரே இதில் பெரும்பாலோர். எந்த அயல்நாட்டுப் பழம் தங்கள் மண்ணில் விளையும், எது விளையாது என்பதைத் தாமே நட்டுப் பார்த்து அறிந்து, பிறர்க்கும் சொல்வது இவர்தம் பணி.

அவர்கள் விரும்பி வளர்க்கும் பழங்களுள் ஒன்று செரிமோயா. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதிக்கு உரியது. நாம் அறிந்த சீத்தாப்பழத்திற்கும், டுரியான் பெலாண்டாவிற்கும் இது நெருங்கிய உறவு. இதன் பூ விந்தையானது. முதலில் பாதி விரிந்து பெண் பூவாக நிற்கும். அப்போது அதில் மகரந்தம் இராது. மறுநாள் மாலை நன்கு விரிந்து மகரந்தத்தை உதிர்க்கும். அதற்குள் சூல்முடி தன் பருவத்தைக் கடந்திருக்கும். தாயகத்தில் சிறு வண்டுகள் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொன்றிற்குக் கொண்டு செல்கின்றன. கலிபோர்னியாவில் அப்பணியைச் செய்யத்தக்க வண்டுகள் இல்லை. ஆகவே வண்டின் வேலையை மனிதரே செய்கின்றனர்! மாலையில் மகரந்தத்தைச் சிறு குப்பியில் சேர்த்து, மெல்லிய தூரிகையால் பெண் நிலையிலுள்ள பூக்களுக்குள் ஒவ்வொன்றாகத் தடவுகின்றனர். சரிவரத் தடவாவிடில் பழம் ஒரு பக்கம் சூம்பிப் போகும். ஒரு பழத்திற்காக இத்துணைப் பொறுமையா என்று நமக்குத் தோன்றலாம்.

இச்சங்கத்தின் கிளைகள் பல, சனவரி, பிப்ரவரி மாதங்களில் குச்சி மாற்றும் கூட்டம் நடத்துகின்றன. அத்தி, மாதுளை, திராட்சை முதலியன அப்போது உறங்குநிலையில் இருக்கும். உறுப்பினர்கள் பென்சில் பருமனுள்ள குச்சிகளை வெட்டி, பெயர்ச்சீட்டுக் கட்டி, ஈரம் காயாமல் கொண்டுவந்து பரப்புவர். வேண்டியவர் வேண்டியதை எடுத்துச் சென்று தம் மரத்தில் ஒட்டுக்கட்டுவர். எலுமிச்சை, ஆரஞ்சு இனக் குச்சிகளுக்கு மட்டும் அங்கு இடமில்லை. இலைகளை மஞ்சளாக்கி மரத்தையே மாய்க்கும் கொடுநோய் ஒன்று 2012இல் அம்மாநிலத்தில் காணப்பட்டது. குச்சி வழியாகவும் அது பரவும்.

விதை இருக்கக் குச்சி எதற்கு? விதையில் தாய்மரத்தின் குணத்தோடு தந்தைமரத்தின் குணமும் கலந்துவிடும். ரம்புத்தான் விதையை நட்டால், ஆண் பூ மட்டும் பூத்து ஒரு காயும் காய்க்காத மரமாகவும் வளரக்கூடும். நம் நாட்டில் ஆர்191 என்னும் எண்ணுடைய 'அனாக் செக்கோலா' ரம்புத்தானை ஒட்டுக்கன்றாகவே நடுகிறார்கள். பெயரைப் பாருங்கள், 'பள்ளிப்பிள்ளை'! மங்குஸ்தீன் இதற்கு விலக்கு. அதன் விதை மகரந்தச் சேர்க்கையின்றியே உண்டாவதால் கன்று தாயைப் போலவே இருக்கும்.

இவ்வுண்மை நம் தோட்டங்களுக்கும் பொருந்தும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது, லயத்து வீடுகளின் பின்புறம் நின்ற பழமரங்களும் சாய்க்கப்படுகின்றன. யாரோ உமிழ்ந்த கொட்டையிலிருந்து முளைத்துத் தேனாய் இனித்த ரம்புத்தான் மரம் ஒன்று வீழ்ந்தால், அச்சுவை அதனோடு போயிற்று. அதன் நூறு விதைகளை நட்டாலும் அது திரும்பாது. ஓர் ஒட்டுக்குச்சி போதும், திரும்பும். ரப்பர்க் கன்றில் மொட்டு ஒட்டிப் பழகிய கைகள் நம் பெற்றோர் சிலருக்கு உண்டு. ரம்புத்தானுக்கும் முறை ஏறக்குறைய அதுவே: பட்டையைச் சதுரமாகச் சீவி, மொட்டைப் பொருத்தி, இறுகக் கட்டி, மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்ப்பது.

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள்: அவர்கள் லயத்தருகே எந்தப் பழமரங்கள் நின்றன? எது மிக இனித்தது? அது இன்னும் நிற்கிறதா? நிற்குமாயின், குச்சியை வெட்டிய அன்றே ஒட்டுவது நலம். இயலாவிடில் ஈரமான வாழைப்பட்டையில் சுற்றி நிழலில் வைத்து, மறுநாள் ஒட்டலாம்.