கொடைக்கானல் தகடுகள்

இன்று விதைத்து நாளையே அறுக்கும் ஆவல் அறிவியல் பயிலும் நம்மையும் விட்டபாடில்லை, நண்பர்களே! ஆறு திங்களில் ஆய்வு முடிவு கிட்டாவிட்டால் எனக்கு உறக்கமே வருவதில்லை. இந்நோய்க்கு மருந்து கொடைக்கானலில் உண்டு.

1899-இல் நிறுவப்பெற்ற அங்குள்ள வானாய்வகத்தில் 1904 முதல், முகில் மறைக்காத நாள்களில் எல்லாம் கதிரவனைப் படம் எடுத்து வந்தனர். கண்ணாடித் தகட்டில் ஒளியைப் பதித்தல், கழுவுதல், நாள் குறித்து அடுக்குதல். அன்றாட வேலை இவ்வளவே. கரும்புள்ளிகளின் ஓரத்தில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் அங்கே கண்டறிந்த எவர்செட் புகழ் பெற்றார். தகடு கழுவியவரை யார் அறிவார்?

கரும்புள்ளிகள் பெருகிக் குறைந்து மீண்டும் பெருகச் சுமார் 11 ஆண்டுகள் ஆகும். கதிரவனின் காந்த முனைகள் இடம் மாறிப் பழைய நிலைக்குத் திரும்பவோ சுமார் 22 ஆண்டுகள்! முப்பது ஆண்டு உழைப்பவரும் மூன்று சுழற்சிகளை முழுமையாகக் காண்பதரிது. ஒரு சுழற்சி வலுத்தும் மற்றொன்று மெலிந்தும் வருவது ஏன்? இதை ஆராய ஒருவர் வாழ்நாள் போதாது. அன்றைய தகடுகள் இன்று கணிப்பொறியில் ஏற்றப்பட்டுள்ளன. ஆய்வாளர் அவற்றை அளந்து ஒப்பிடுகின்றனர்.

கணிப்பொறியைக் கனவிலும் காணாதவர் அன்று தகடு கழுவியவர். ஆனால் நாள் குறிக்காத படம் இவ்வாராய்ச்சிக்கு உதவாது. அவர் குறித்து வைத்தார். என் ஆய்வுக் குறிப்பேட்டைப் புரட்டினேன். சென்ற திங்களின் நான்கு பக்கங்களில் நாளே இல்லை.