பழைய மவுண்டன் பைக்குக்குப் புது ஃபோர்க்: வாங்குமுன் அளந்துவிடுங்கள்

முன் ஃபோர்க் அழுத்தினால் எழும்ப மறுக்கிறதா? மாற்றிவிடலாம். கடைக்குப் போகுமுன் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஹேண்டில்பாரோடு சேரும் தண்டை முதலில் அளந்துகொள்ளுங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் 28.6 மி.மீ. நேர்க்குழாய்தான். இப்போது வரும் பல ஃபோர்க்குகளுக்குத் தண்டின் அடி பருத்திருக்கும். பழைய சட்டத்தில் நுழையாது. ஆசைப்பட்டு வாங்கிய பொருள் மூலையில் கிடக்க இது ஒன்றே போதும்.

2. பழைய ஃபோர்க்கின் நீளத்தை ஒட்டியே வாங்குங்கள். 80 மி.மீ. அசைவுக்கான (ஃபோர்க் அமுங்கும் தூரம்) சட்டம் 100 வரை தாங்கும். 140 போட்டால் முன்பக்கம் தூக்கும், மேடேறுகையில் சக்கரம் அலையும், தலைக்குழாய் வெல்டிங்கில் விரிசலும் விடலாம். இதில் மட்டும் துணிச்சல் வேண்டாம்.

3. ரிம் பிரேக் வண்டியா? ஃபோர்க்கில் அதற்கான குமிழ்கள் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரேக் மாட்ட இடமிராது.

4. அச்சையும் பாருங்கள். 15 மி.மீ. அச்சு என்றால் பழைய சக்கரம் பொருந்தாமல் போகலாம்.

5. தண்டை உடனே அறுக்காதீர்கள். எல்லாம் கோத்துப் பார்த்து, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் மேல்விளிம்புக்கு 3 மி.மீ. கீழே குறியிட்டு அங்கே அறுங்கள். குட்டையாகிவிட்டால் ஒட்டவைக்க முடியாது.

6. காற்று ஃபோர்க்குக்கு ஷாக் பம்பே வேண்டும். ஏறி உட்கார்ந்தால் அசைவில் ஏறக்குறைய கால் பங்கு இறங்கும்படி காற்றடியுங்கள்.