தோல் நோய்க்கு டாக்டரைத் தேடுவது எப்படி?

நோய்க்கு மருந்து தேடிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். கடைக்காரர்களாகிய நாமோ, படை வந்தால் வெட்கப்பட்டு, யாரோ சொன்ன களிம்பைத் தடவுகிறோம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கும். படையோ உருமாறிப் பரவும். நாமும் இப்படி ஆறு மாதம் வீணாக்கியவர்களே.

முதலாவது: சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் சிபாரிசுக் கடிதம் வாங்கி, மண்டலே ரோட்டிலுள்ள நேஷனல் ஸ்கின் சென்டருக்குப் போனால் பிரஜைகளுக்கு மானியம் உண்டு. ஆனால் டாக்டரை நாம் தேர்ந்தெடுக்க இயலாது. தேதியும் தள்ளிப் போகலாம்.

இரண்டாவது: தனியாரிடம் போவதானால், அவர் பெயர் சிங்கப்பூர் மருத்துவ மன்றப் பதிவேட்டில் தோல் நிபுணர் என்று இருக்கிறதா பாருங்கள். வாசற்பலகை சாட்சியாகாது. இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரியில் தங்காத சிகிச்சைக்கும் பணம் தருமா என்று முன்பே கேளுங்கள்.

மூன்றாவது: உணர்ச்சியற்ற வெளிறிய தேமல், நிறமோ வடிவமோ மாறும் மச்சம், நீரிழிவுக்காரர் காலில் புண், இவை தள்ளிய தேதிக்குக் காத்திருக்கலாகாது. மருந்தகத்தில் விவரம் சொல்லி, விரைந்து பார்க்கக் கேளுங்கள்.

சரக்கைச் சோதித்து வாங்கும் நாம், அமானிதமான உடம்பைச் சோதியாமல் விடலாமா? அல்லாஹ் ஷிபா அளிப்பானாக. ஆமீன்.