கோடுகளை எண்ணியவர்

கேள்வி: கட்டடம் கட்டாமல், பிளான்களை மட்டுமே ஆராய்ந்து ஒரு கட்டடக்கலை ஆசிரியர் பேர் வாங்க முடியுமா?

பதில்: வாங்கியவர் இருக்கிறார். இங்கிலாந்தின் ராபின் எவன்ஸ் (1944-1993). சிறைச்சாலைக் கட்டடங்களின் வரலாற்றை எழுதிவிட்டு வரைபடத்துக்கு வந்தார்; லண்டனிலும் ஹார்வர்டிலும் பாடம் நடத்தினார். ஓவியரின் கை படத்திலேயே படும். கட்டடக் கலைஞரின் கை படுவது காகிதத்தில்தான். காகிதத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிதான் எவன்ஸ் பிடித்துக்கொண்ட நுனி. ஓர் உதாரணம்: பிரான்சில் ஆனே மாளிகைச் சிற்றாலயத்தின் குவிமாடக் கோடுகளே தரையிலும் விழுந்திருப்பதாக, அதை வடிவமைத்த பிலிபெர் தெ லோர்ம் 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். இரண்டிலும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களை எவன்ஸ் எண்ணிப் பார்த்தார். கணக்கு உதைத்தது! (எண்ணிப் பார்க்கத் தோன்றியதே பெரிய விஷயம்.) அவரது முக்கியமான நூல் 1995இல், அவர் மறைந்த பிறகே அச்சேறியது.