எலும்பு மஜ்ஜை மாற்றா? முதலில் பூச்சியைக் கவனியுங்கள்!

ரத்தப் புற்றுநோய், தாலசீமியா போன்ற நோய்களுக்குச் செய்யப்படும் எலும்பு மஜ்ஜை (ஸ்டெம் செல்) மாற்று சிகிச்சை நமக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-லேயே இது தொடங்கிவிட்டது. ஆனால், புதிய செல்களை ஏற்றுவதற்கு முன் கொடுக்கும் கடுமையான மருந்துகளால் உடம்பின் எதிர்ப்பு சக்தி ஏறக்குறைய காலியாகிவிடும். அது திரும்பி வரப் பல மாதங்களாகும். அதுவரை சத்தமில்லாமல் குடலில் குடியிருந்த பூச்சிகூட அப்போது எமனாகலாம்.

வெறுங்காலில் ஏறும் புழு

நம்ம மதுரைப் பக்கத்து வயல்காடுகளில் வெறுங்காலோடு திரிந்து வளர்ந்தவர்கள், இன்று கே.கே. நகரில் மாடி வீட்டில் இருக்கலாம். மலம் கலந்த ஈரமண்ணில் உள்ள 'ஸ்ட்ராங்கிலாய்டிஸ்' என்ற நுண்புழு, பாதத்தைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் தங்கும். அங்கேயே குஞ்சு பொரித்து, அதே உடம்பை மறுபடி மறுபடி தொற்றிப் பல பத்தாண்டுகள் வாழும். வெளியே ஒரு தொந்தரவும் தெரியாது. ஸ்டீராய்டு மருந்து கொடுத்ததும் மளமளவென்று பெருகி நுரையீரலுக்குப் பரவும். குடல் கிருமிகளையும் ரத்தத்துக்கு இழுத்துச் செல்லும்.

என்ன செய்யலாம்?

* சிறுவயதில் வெறுங்காலோடு நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். ஒருமுறை மலப் பரிசோதனையில் புழு தென்படாமல் போகலாம். ரத்தப் பரிசோதனையும் உண்டு. மஜ்ஜை கொடுப்பவருக்கும் சோதனை அவசியமா என்று கேளுங்கள்.
* வழக்கமான பூச்சி மாத்திரை ஒன்றை விழுங்கினால் இந்தப் புழு போய்விடும் என்று நம்ப வேண்டாம். இதற்கு ஐவர்மெக்டின் தருவார்கள். நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.
* சிகிச்சைக்குப் பின், தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்த நீரை ஆறவைத்துக் குடியுங்கள். பேதி உண்டாக்கும் 'கிரிப்டோஸ்போரிடியம்' குளோரினுக்குச் சாகாது.
* இறைச்சி நன்றாக வேக வேண்டும். பூனையின் மலத்தை நோயாளி அள்ளக் கூடாது. இரண்டிலும் 'டாக்ஸோபிளாஸ்மா' கிருமி இருக்கலாம்.
* மண்ணில் கால் வைத்தால் செருப்பு கட்டாயம்.

நாட்டு மருந்து?

"ஐயா, வாய்விளங்கம் கொடுக்கலாமா? வேப்பங்கொழுந்து அரைச்சுக் கொடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: இந்தச் சமயத்தில் வேண்டாம். பச்சிலையிலும் சூரணத்திலும் பூஞ்சை ஒட்டியிருக்கலாம்; சில மூலிகைகள் மாற்று மருந்தின் வேலையைக் கெடுக்கலாம். மாற்று சிகிச்சை செய்யும் டாக்டரைக் கேட்காமல் கஷாயம், லேகியம் எதுவும் கூடாது.

காய்ச்சல், இருமல், பேதி வந்தால் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லுங்கள்.